யோ-யோ வடிவமைப்பின் வரலாறு

யோ-யோ என்பது, நடுவில் ஓர் அச்சால் இணைக்கப்பட்ட இரண்டு வட்டத் தட்டுகளையும் அந்த அச்சில் சுற்றப்படும் ஒரு நூலையும் கொண்ட விளையாட்டுக் கருவி ஆகும். நூலின் மறுமுனையை விரலில் மாட்டிக்கொண்டு கருவியைக் கீழ்நோக்கி எறிந்தால், நூல் பிரியப் பிரிய அது சுழன்றபடி இறங்கும். பின்னர் அதே நூலைத் தானே சுற்றிக்கொண்டு கைக்குத் திரும்பும்.

மரத்தில் தொடங்கி ஞெகிழி, அலுமினியம், டைட்டானியம் என இதன் மூலப்பொருள் பலமுறை மாறியுள்ளது. எனினும் இதன் வரலாற்றில் திருப்பத்தை உண்டாக்கிய மாற்றங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நிகழ்ந்தன. அந்த இடம், நூலும் அச்சும் சந்திக்கும் இடம். ஒரு விரற்கடை அகலம்கூட இல்லாத அவ்விடத்தில் என்னென்ன செய்யப்பட்டன, அவற்றைச் செய்தவர்கள் யார் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பழங்காலச் சான்றுகள்

யோ-யோவை முதன்முதலில் செய்தவர் யார் என்பதற்குச் சான்று இல்லை. பெர்லின் நகரத் தொல்பொருள் காட்சியகத்தில் உள்ள, ஏறத்தாழ கி.மு. 440ஐச் சேர்ந்த கிரேக்கக் கிண்ணம் ஒன்றில், சிறுவன் ஒருவன் யோ-யோ விளையாடும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. சுட்ட மண்ணால் ஆன தட்டுகளும் கிரேக்கத்தில் கிடைத்துள்ளன.

இந்தியாவிலும் இதற்குச் சான்று உண்டு. இராசத்தானின் பூந்தி அல்லது கோட்டா ஓவிய மரபைச் சேர்ந்த, ஏறத்தாழ 1770ஆம் ஆண்டின் சிற்றோவியம் ஒன்று யோ-யோவுடன் நிற்கும் பெண்ணைக் காட்டுகிறது. அதே நூற்றாண்டின் இறுதியில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் இது மேட்டுக்குடியினரின் பொழுதுபோக்காக இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது நாட்டைவிட்டு வெளியேறிய பிரபுக்களின் கையில் இருந்ததால், பிரான்சில் இதற்கு 'எமிக்ரெட்' என்ற பெயரும் வழங்கியது. இங்கிலாந்தில் இதனைப் 'பண்டலோர்' என்றனர்.

அமெரிக்காவில் 1866ஆம் ஆண்டு சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹேவன், சார்லஸ் ஹெட்ரிக் ஆகிய இருவரும் மேம்படுத்தப்பட்ட பண்டலோருக்குக் காப்புரிமை பெற்றனர். ஆனால் இந்தப் பண்டலோர்களுக்கு ஒரு வரம்பு இருந்தது. நூல் அச்சோடு இறுகக் கட்டப்பட்டிருந்ததால், அது முழுவதும் பிரிந்தவுடன் கருவி உடனே மறுபக்கம் சுற்றிக்கொண்டு மேலேறியது. இறங்குவது, ஏறுவது என்ற இரண்டு அசைவுகளுக்கு மேல் அதைக் கொண்டு எதுவும் செய்ய இயலவில்லை.

பிலிப்பீன்சின் வளைய நூல்

பிலிப்பீன்சு நாட்டு மக்களிடையே இவ்விளையாட்டு நெடுங்காலமாக வழக்கில் இருந்தது. 'யோ-யோ' என்ற சொல்லும் அந்நாட்டிலிருந்தே வந்தது. அங்கே நூலை அச்சில் முடிச்சிட்டுக் கட்டுவதில்லை. நீண்ட நூல் ஒன்றை இரண்டாக மடித்து முறுக்குவர். மடித்த இடத்தில் உண்டாகும் சிறு வளையத்துக்குள் அச்சு தளர்வாக அமர்ந்திருக்கும்.

இந்தச் சிறு மாற்றத்தால் விளைந்தது பெரிது. நூல் முழுவதும் பிரிந்த பிறகும் அச்சு அந்த வளையத்துக்குள் வழுக்கிச் சுழன்றுகொண்டே இருக்கும். நின்ற இடத்திலேயே அசையாமல் சுற்றும் பம்பரத்தைப் போல, யோ-யோ நூலின் அடியில் தொங்கியபடியே சுற்றும். இந்நிலையை விளையாடுவோர் 'உறக்கம்' என்கின்றனர். யோ-யோவைத் தரையில் உருட்டி நாயை நடத்திச் செல்வது போலக் காட்டுவது, நூலைத் தொட்டிலாக்கி அதற்குள் யோ-யோவை ஆட்டுவது முதலிய வித்தைகள் யாவும் உறக்கம் வாய்த்த பிறகே இயன்றன.

பிலிப்பீன்சில் யோ-யோ ஒரு வேட்டைக் கருவியாக இருந்தது, மரத்தின் மேலிருந்து விலங்குகள் மீது எறியப்பட்டது என்ற கதை பல நூல்களில் காணப்படுகிறது. இதற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை. மாணவர்கள் இதனை வரலாற்றுச் செய்தியாகக் கொள்ளாமல் இருப்பது நல்லது.

பெட்ரோ புளோரஸ்

வளைய நூல் கொண்ட யோ-யோவை அமெரிக்காவில் தொழிலாக வளர்த்தவர் பெட்ரோ புளோரஸ். இவர் பிலிப்பீன்சின் வடபகுதியான இலோகோஸ் நோர்ட்டே மாகாணத்தில் உள்ள விந்தார் என்னும் ஊரைச் சேர்ந்தவர். 1915ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று கலிபோர்னியாவில் சட்டம் பயின்றார், படிப்பை முடிக்கவில்லை. சான்டா பார்பரா நகரில் விடுதிப் பணியாளராக வேலை பார்த்தார்.

சிறுவயதில் சொந்த ஊரில் பார்த்த விளையாட்டுப் பொருளை இங்கே விற்கலாமே என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. முதலில் ஒரு டசன் யோ-யோக்களைக் கையாலேயே செய்து அக்கம்பக்கத்துச் சிறுவர்களுக்கு விற்றார். 1928ஆம் ஆண்டு ஜூன் மாதம் சான்டா பார்பராவில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் முதலீட்டாளர்களின் துணையுடன் இயந்திர உற்பத்திக்கு மாறினார். 1929ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துக்குள் லாஸ் ஏஞ்சலஸ், ஹாலிவுட் ஆகிய இடங்களில் மேலும் இரண்டு தொழிற்சாலைகள் எழுந்தன. 600 பேர் வேலை செய்தனர்; நாள்தோறும் 3 லட்சம் யோ-யோக்கள் செய்யப்பட்டன.

விற்பனைக்கு அவர் கையாண்ட வழியும் குறிப்பிடத்தக்கது. கடை வாசலிலும் திரையரங்கிலும் வித்தை காட்டி, சிறுவர்களுக்குப் போட்டி நடத்தினார். பார்த்தவர்கள் செய்து பார்க்க விரும்பினர். செய்து பார்க்க விரும்பியவர்கள் வாங்கினர்.

டங்கன் நிறுவனமும் பெயர் வழக்கும்

இந்த விற்பனையைக் கண்ட டொனால்டு டங்கன் என்ற தொழிலதிபர், 1930ஆம் ஆண்டையொட்டி புளோரசின் நிறுவனத்தை விலைக்கு வாங்கினார். 1932ஆம் ஆண்டு 'யோ-யோ' என்ற சொல்லுக்கு வணிக முத்திரை உரிமையும் டங்கன் நிறுவனத்தின் பெயரில் பதிவாயிற்று. பிலிப்பீன்சின் ஊர்களில் குழந்தைகள் வழங்கிவந்த ஒரு சொல், அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் உடைமை ஆனது. போட்டி நிறுவனங்கள் தங்கள் பொருளை யோ-யோ என்று அழைக்க முடியாமல், 'திரும்பி வரும் பம்பரம்' என்ற பொருள்படும் சொற்களால் விற்க நேர்ந்தது.

1946ஆம் ஆண்டு டங்கன் தொழிற்சாலை விஸ்கான்சின் மாநிலத்தின் லக் என்னும் சிற்றூருக்கு மாறியது. அங்கே மேப்பிள் மரத்தில் மணிக்கு 3,600 யோ-யோக்கள் கடையப்பட்டன. 1950களில், தட்டுகளை வெளிப்பக்கம் விரிந்தவாறு அமைத்த 'வண்ணத்துப்பூச்சி' வடிவம் வந்தது. நூல் விழும் வாய் அகன்றிருப்பதால், சுழலும் யோ-யோவை நூலின் மேல் ஏந்துவது இதில் எளிதாயிற்று. இன்றைய போட்டி யோ-யோக்களில் பெரும்பாலானவை இவ்வடிவத்தின் வழி வந்தவையே.

1962ஆம் ஆண்டு விற்பனை 4.5 கோடியை எட்டியதாகக் கூறப்படுகிறது. ஆனால் விளம்பரச் செலவும் வழக்குச் செலவும் நிறுவனத்தை வாட்டின. ராயல் டாப்ஸ் என்ற போட்டி நிறுவனத்துடன் நடந்த வழக்கில், 1965ஆம் ஆண்டு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யோ-யோ என்பது அப்பொருளுக்கே உரிய பொதுப் பெயர் என்றும், அதனைத் தனியொரு நிறுவனம் சொந்தம் கொண்டாட இயலாது என்றும் அது முடிவு செய்தது. அதே ஆண்டில் டங்கன் நிறுவனம் நொடித்துப்போனது. அதன் பெயரை 1968ஆம் ஆண்டு ஃபிளாம்போ என்ற ஞெகிழிப் பொருள் நிறுவனம் வாங்கியது.

உறக்கத்தின் அறிவியல்

அடுத்து வந்த மாற்றங்களைப் புரிந்துகொள்ளச் சிறிது இயற்பியல் தேவை. கையில் இருக்கும் யோ-யோவுக்கு நிலை ஆற்றல் உண்டு. அது இறங்கும்போது அந்த ஆற்றலின் பெரும்பகுதி சுழற்சி இயக்க ஆற்றலாக மாறுகிறது. எடுத்துக்காட்டாக, 66 கிராம் எடையுள்ள யோ-யோ ஒன்று 1 மீட்டர் இறங்குவதாகக் கொள்வோம். கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 0.65 ஜூல். அதன் நிறை முழுவதும் அச்சிலிருந்து சராசரியாக 2 செ.மீ. தொலைவில் இருப்பதாகக் கொண்டு, உராய்வை விடுத்துக் கணக்கிட்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,100 சுற்றுகள் வருகின்றன. விசையுடன் எறிந்தால் இது இன்னும் கூடும்.

இச்சுழற்சியைத் தின்பது உராய்வு. வளையத்துக்கும் அச்சுக்கும் இடையே உராய்வு மிகுந்தால் உறக்கம் விரைவில் கலையும். மாறாக, உராய்வு அறவே இல்லாவிட்டால் யோ-யோ கைக்குத் திரும்பாது. விரலால் சற்றே மேலிழுக்கும்போது நூல் ஒரு கணம் தளர்ந்து, அச்சிலோ தட்டுகளின் உட்பக்கத்திலோ பற்றிக்கொள்வதால்தான் அது மீண்டும் சுற்றிக்கொள்கிறது. நீண்ட நேரம் உறங்கவும் வேண்டும், அழைத்தவுடன் திரும்பவும் வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இவ்விரு தேவைகளையும் நிறைவேற்றுவதே வடிவமைப்பாளர்களின் சிக்கலாக இருந்தது.

ஈர்ப்பு விசையின் பங்கு 1985ஆம் ஆண்டு டிஸ்கவரி விண்ணோடத்தில் தெளிவாயிற்று. அங்கே விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு செய்த சோதனைகளில் யோ-யோவும் இடம்பெற்றது. எடையற்ற நிலையில் நூலை இறுக்கிப் பிடித்து வைக்க எதுவும் இல்லாததால், அது நூலின் முனையில் நின்று உறங்காமல் உடனே திரும்பியது.

அச்சு மாறிய காலம்

மர அச்சு, நூல் உராய்ந்து உராய்ந்து தேயும். தேய்ந்தால் யோ-யோவையே தூக்கி எறிய வேண்டும். சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த பல் மருத்துவர் டாம் குன், 1978ஆம் ஆண்டு கழற்றி மாட்டக்கூடிய மர யோ-யோவை வெளியிட்டார். அச்சை மட்டும் மாற்றலாம். பாதிகளைத் திருப்பி மாட்டி வேறு வடிவங்களும் பெறலாம். விளையாடுபவரே தம் கருவியைத் திருத்திக்கொள்ளும் வழக்கம் இதனால் வேரூன்றியது.

அதன்பின் மைக்கேல் கேஃப்ரியின் வடிவமைப்பில் யோமெகா நிறுவனம் 'மூளையுள்ள யோ-யோ'வைக் கொண்டுவந்தது. அதற்குள் கம்பிச்சுருளால் அழுத்தப்பட்ட இரு சிறு கைகள் அச்சைப் பற்றியிருக்கும். யோ-யோ வேகமாகச் சுழலும்போது மையவிலக்கு விளைவால் அவை விலகி அச்சை விடுவிக்கும்; வேகம் குறைந்ததும் மீண்டும் பற்றும். அதனால் யோ-யோ தானே கைக்கு வந்துவிடும். புதிதாகக் கற்போருக்கு இது பெரிதும் உதவியது.

மற்றொரு வழி பால் பேரிங். மிதிவண்டிச் சக்கரத்தில் உள்ளது போன்ற இதனை அச்சின் மேல் பொருத்தி, நூல் வளையத்தைப் பேரிங்கின் வெளி வளையத்தில் அமர்த்தினர். நூல் அசையாமல் நிற்க, உள்ளே அச்சு மட்டும் சுழலும். சுவீடனின் எஸ்.கே.எஃப். பேரிங் நிறுவனம் 1984ஆம் ஆண்டு இத்தகைய யோ-யோக்களைச் சிறிது காலம் செய்தது. 1990ஆம் ஆண்டு டாம் குன் வெளியிட்ட எஸ்.பி.-2 என்ற அலுமினிய யோ-யோ, பேரிங்கைத் தேர்ந்த விளையாட்டாளர்களிடம் கொண்டு சேர்த்தது. 1997ஆம் ஆண்டு முதல் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் விற்ற 'ஹைப்பர் யோ-யோ' வரிசை, ஆசிய நாடுகளில் பெரும் அலையை எழுப்பியது.

தானே திரும்பாத யோ-யோ

பேரிங் வந்ததும் உறக்கம் நீண்டது. ஆனால் நூல் பற்றுவது குறைந்தது. எனவே தட்டுகளின் உட்பக்கத்தில் ரப்பர், சிலிக்கோன் போன்ற பற்றும் பொருள்களை வைத்தனர். அடுக்கடுக்கான நூல் வித்தைகளின் நடுவே இவை நூலைப் பற்றிக் காரியத்தைக் கெடுத்தன. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் விளையாட்டாளர்கள் அந்தப் பற்றுப் பொருளைக் குழிக்குள் தாழ்த்தி, தட்டுகளுக்கு இடையிலான இடைவெளியை அகலமாக்கினர். விளைவாக, எவ்வளவு இழுத்தாலும் தானே திரும்பாத யோ-யோ உருவாயிற்று.

அப்படியானால் அதைக் கைக்கு வரவழைப்பது எப்படி? நூலின் ஒரு பகுதியை மடித்து இடைவெளிக்குள் செலுத்தினால், இரட்டை நூலின் தடிப்பு உராய்வை உண்டாக்கி யோ-யோவைத் திரும்பச் செய்கிறது. இதற்குப் 'பைண்ட்' என்று பெயர். இயந்திரம் செய்துவந்த வேலையை விளையாடுபவரின் கை ஏற்றுக்கொண்டது.

இன்றைய வடிவமைப்பு

இன்றைய போட்டி யோ-யோக்கள் பெரும்பாலும் கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரத்தில் அலுமினியக் கலவையைக் கடைந்து செய்யப்படுகின்றன. எடை பெரும்பாலும் 60 முதல் 70 கிராம் வரையிலும், விட்டம் ஏறத்தாழ 55 மி.மீ. அளவிலும் இருக்கும். பரவலாகப் பயன்படும் பேரிங்கின் உள்விட்டம் கால் அங்குலம், வெளிவிட்டம் அரை அங்குலம். நூல் பருத்தியிலிருந்து பாலியெஸ்டருக்கு மாறிவிட்டது.

வடிவமைப்பாளரின் முதன்மைக் கவலை நிறையை எங்கே வைப்பது என்பதே. நிலைமத் திருப்புத்திறன் தொலைவின் இருமடியைப் பொறுத்தது. அச்சிலிருந்து 9 மி.மீ. தொலைவில் உள்ள 1 கிராமைக் காட்டிலும், 27 மி.மீ. தொலைவில் உள்ள 1 கிராம் ஒன்பது மடங்கு பயன் தரும். ஆகவே நடுப்பகுதியை மெலிதாக்கி விளிம்பைக் கனமாக்குகின்றனர். அலுமினிய உடலில் எஃகு விளிம்பு பொருத்தப்பட்ட இருஉலோக யோ-யோக்கள் இக்கணக்கின் விளைவே. விளிம்பு அளவுக்கு மீறிக் கனத்தால் கருவி மந்தமாகும் என்பதால் இதிலும் ஓர் எல்லை உண்டு.

உலகப் போட்டிகளில் இன்று ஐந்து பிரிவுகள் உள்ளன: ஒற்றை யோ-யோ நூல் வித்தை, இரு கைகளிலும் சுழற்றி வீசுவது, இரு கைகளிலும் நூல் வித்தை, நூலில் கட்டப்படாத யோ-யோ, விரலுக்குப் பதில் எடைக்குண்டு மாட்டிய யோ-யோ. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வடிவமைப்பு தேவைப்படுகிறது.

கண்டுபிடித்தவர் யார்?

பொது அறிவு நூல்களில் இக்கேள்விக்குச் சிலர் டங்கன் என்றும் சிலர் புளோரஸ் என்றும் விடை எழுதுகின்றனர். இரண்டும் சரியன்று. தாம் இதனைக் கண்டுபிடித்ததாக புளோரஸே உரிமை கோரியதில்லை. தம் நாட்டுக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக விளையாடியதைத் தொழிலாக்கினார் என்பதே அவருக்குரிய பெருமை. டங்கன் அதைப் பரப்பினார். குன், கேஃப்ரி போன்றோர் அச்சைத் திருத்தினர். பெயர் தெரியாத விளையாட்டாளர்கள் பலர் தட்டைக் கழற்றி, தேய்த்து, இடைவெளியைக் கூட்டிப் பார்த்தனர்.

இவர்கள் அனைவருக்கும் முன்னர், நூலை முடிச்சிடாமல் வளையமாக விட்ட ஒருவர் இருந்திருக்க வேண்டும். அவர் பெயர் எந்தக் காப்புரிமைப் பதிவிலும் இல்லை. இன்றும் கோடிக்கணக்கான யோ-யோக்களில் நூல் அவர் விட்ட அந்த வளையத்தில்தான் நிற்கிறது.