விக்கல்

வீட்டில் திடீரென்று விளக்குகள் அணைந்தால், "ப்யூஸ் போய்விட்டது" என்கிறோம். மனிதர்கள் காலமானாலும் "போய்விட்டார்" என்றுதானே சொல்கிறோம்? ப்யூஸ் விஷயத்தில் அந்தச் சொல் மிகவும் பொருத்தம். தான் செத்துத்தான் அது நம்மைக் காப்பாற்றுகிறது.

காலேஜில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்ததோடு சரி. என் பிழைப்பு கதை எழுதுவது. ஆனாலும் மின்சாரக் காவல்காரர்களின் வம்ச சரித்திரத்தைப் படித்தபோது, ஒரு நாவலுக்குப் போதுமான சங்கதி அதில் இருக்கிறதென்று தோன்றிற்று.

மூத்தவர் ப்யூஸ்தான். மின்விளக்குகளுக்கான பாதுகாப்புக் கம்பி ஒன்றுக்கு எடிசன் 1880-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். நியூயார்க்கில் பேர்ல் தெருவிலிருந்து அவருடைய மின்நிலையம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் வழங்கத் தொடங்கியது 1882 செப்டம்பர் 4-ந் தேதி. விளக்கு வருமுன்பே காவல் வந்துவிட்டது! இரண்டு கம்பிகள் உரசிக்கொண்டால் மின்சாரம் வெள்ளமாகப் பாயும், கம்பி பழுக்கும், வீடு பற்றும். அதற்கு முன் மெல்லிய கம்பி ஒன்று உருகி வழியை அறுத்துவிட வேண்டும். யுக்தி அவ்வளவுதான்.

ஏறக்குறைய எண்பது வருஷம் இந்தத் தியாகம் போதுமானதாயிருந்தது. பிறகு டிரான்ஸிஸ்டர் வந்தது. அதன் உடம்பு மிக மென்மையானது. ப்யூஸ் உருகுவதற்குள் அது கருகிவிடும். ப்யூஸைக் காப்பாற்ற டிரான்ஸிஸ்டர் முந்திக்கொண்டு உயிரை விடுகிறது என்று அந்தத் தொழிலில் ஒரு வேடிக்கைப் பேச்சே உண்டு. ஆகவே, சாகாமல் காக்கிற காவல்காரன் தேவைப்பட்டான்.

நேஷனல் செமிகண்டக்டர் கம்பெனியில் அப்போது பாப் வைட்லர் என்ற மேதை இருந்தார். 1969-ல் அவர் செய்த எல்.எம். 109 என்ற சிறு ரெகுலேட்டர், வருகிற வோல்ட் ஓர் எல்லைக்குள் ஏறி இறங்கினாலும் 5 வோல்ட்டாக அடக்கி, ஒரு ஆம்பியருக்கு மேல் கொடுக்க வல்லது. ஷார்ட் சர்க்யூட் ஆனால் 'இவ்வளவுதான் தருவேன்' என்று மின்சாரத்துக்கு எல்லை கட்டும். உடம்பு அதிகமாகச் சுட்டால் தானே கடையை மூடிவிடும். ஆறியதும் மறுபடி திறக்கும். செத்துக் காப்பது போய், பிழைத்துக் காப்பது வந்தது.

ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. 12 வோல்ட்டை 5 ஆக்கும்போது மிச்சம் 7 வோல்ட்டும் வெறும் சூடாகப் போகிறது. ஒரு ஆம்பியர் ஓடினால் 5 வாட் நமக்கு, 7 வாட் காற்றுக்கு! இந்த ஊதாரித்தனம் பிடிக்காதவர்கள் வேறு வழி பார்த்தார்கள். மின்சாரத்தை நசுக்குவானேன்? விநாடிக்குப் பல்லாயிரம் தடவை கதவைத் திறந்து மூடி, வேண்டிய அளவு மட்டும் விட்டால் என்ன? இதுவே ஸ்விட்சிங் ரெகுலேட்டர். ராபர்ட் பொஷெர்ட் என்பவர் 1970-ல் தம் வீட்டுச் சமையலறை மேஜைமேல் இத்தகைய சாதனங்களைச் செய்ய ஆரம்பித்தார். அதை நடத்தும் மூளையை ஒரே சில்லில் அடக்கியவர் ராபர்ட் மமானோ; வருஷம் 1976. மறுவருஷம் வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் விசிறியின் இரைச்சல் கூடாதென்று ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதம் பிடிக்க, ராட் ஹோல்ட் இந்த முறையில்தான் சூட்டைக் குறைத்துக் கொடுத்தார்.

சிக்கனக்காரனுக்கும் ஒரு கண்டம் இருந்தது. இந்த ரெகுலேட்டருக்குள் ஒரு கம்பிச் சுருள் உண்டு. அதில் ஓடும் மின்சாரம் மாட்டு வண்டி மாதிரி. சட்டென்று வேகம் எடுக்காது, சட்டென்று நிற்கவும் நிற்காது. கதவு திறந்தால் வேகம் ஏறும். மூடினால், வெளியே இருக்கிற 5 வோல்ட் எதிர்மேடு போல் நின்று வேகத்தைக் குறைக்கும். வெளியே ஷார்ட் ஆகிவிட்டால்? மேடு மறைந்து சமதரை ஆகிறது. திறக்கும்போது 12 வோல்ட்டும் சேர்ந்து தள்ளுகிறது. மூடும்போது தடுப்பார் இல்லை. காவல்காரன் விழித்துக் கதவைச் சாத்தக் கண்சிமிட்டும் நேரமாவது ஆகுமல்லவா? அந்த நேரத்தில் ஏறிய வேகம் அடுத்த திறப்புக்குள் இறங்குவதில்லை. படிப்படியாக ஏறி, எல்லையைத் தாண்டி, வண்டி குடை சாய்ந்துவிடும்.

பரிகாரம் என்னவென்றால், அவசரப்படாமல் இருப்பதுதான். நேஷனல் கம்பெனியின் பிற்காலச் சில்லான எல்.எம். 2576 சாதாரணமாக விநாடிக்கு 52 ஆயிரம் தடவை கதவைத் திறக்கும். ஷார்ட் ஆகி வெளி வோல்ட் விழுந்துவிட்டால் சுமார் 11 ஆயிரமாகக் குறைத்துக்கொள்ளும். வண்டி வேகம் தணிய ஐந்து மடங்கு அவகாசம்!

இன்னும் சில, தரும் மின்சாரத்தையே வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். இதில் ஒரு சங்கடம். மோட்டார் போன்றவை கிளம்பும்போது கொஞ்சம் அதிகமாகக் கேட்பது வழக்கம். அதையும் விபத்தென்று நினைத்துக் கையை மூடிக்கொண்டால், மோட்டார் கிளம்பவே கிளம்பாது. அதீத ஜாக்கிரதை உள்ள தகப்பனாரின் பிள்ளைகளை நமக்குத் தெரியாதா?

கடைசியாக வந்தது ஓர் அழகான வழி. ஷார்ட் என்று தெரிந்ததும் முழுக்க நிறுத்தி, சற்று ஓய்ந்து, மெல்ல ஒரு தடவை முயன்று பார்ப்பது. கோளாறு நீங்கியிருந்தால் வேலை தொடரும். இல்லையென்றால் மறுபடி ஓய்வு, மறுபடி முயற்சி. எஞ்சினீயர்கள் இதற்கு வைத்த பெயர் விக்கல். முயற்சி ஒரு நொடி, ஓய்வு பல நொடி என்பதால் சூடு ஏறுவதில்லை. சில சாதனங்களில் காதை வைத்தால் 'டிக், டிக்' என்று கேட்கவும் செய்யும்.

செத்துக் காட்டியவன், எல்லை கட்டியவன், விக்கி விக்கிக் காத்திருப்பவன் என்று மூன்று தலைமுறைகள் ஆயின. இதை முன்னேற்றம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ப்யூஸிடம் ஒரு நேர்மை இருந்தது. அது போனால் வீடே இருண்டது. கோளாறு எங்கே என்று தேடாமல் நமக்கு வழியில்லை. விக்கிக்கொண்டே பிழைத்திருக்கும் காவல்காரன் தன்னைக் காத்துக்கொள்வானே ஒழிய, உரசிய கம்பியைப் பிரித்துவைக்க அவனால் ஆகாது. அது நம்முடைய வேலை. விக்கல் கேட்டால், சமாளித்துக்கொள்கிறதே என்று பேசாமலிருப்பதுதான் பெரிய அபாயம்.