டெட்ராலினும் கந்தகமும்

நாப்தலீனை நிக்கல் முன்னிலையில் ஹைட்ரஜனேற்றம் செய்தால் டெட்ராலின் கிடைக்கும் என்று பாடநூல்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. சபாத்தியேயும் செந்தெரானும் 1901-இல் அவ்வாறே செய்தும் காட்டினர். ஆயினும் அவ்வரி ஆலையில் மெய்யாவதற்கு நெடுநாள் ஆயிற்று.

இச்சேர்மத்தின் இயல்பை முதலில் நன்குணர்ந்தவர் மியூனிக்கில் பணியாற்றிய பாம்பெர்கர். 1880-களின் இறுதியில், கொதிக்கும் அமைல் ஆல்கஹாலில் சோடியத்தைக் கொண்டு நாப்தலீன் வழிச்சேர்மங்களை அவர் ஒடுக்கினார். நான்கு ஹைட்ரஜன்களும் ஒரே வளையத்தில் சென்று சேர்ந்தபின், அவ்வளையம் திறந்த சங்கிலிச் சேர்மம் போல நடந்துகொண்டது. மற்றது பென்சீனாகவே நின்றது. 'அலிசைக்ளிக்' என்ற சொல்லை ஆக்கியவரும் அவரே.

ஆலைக்குத் தடையாக இருந்தது மூலப்பொருள். நிலக்கரித் தாரிலிருந்து வரும் நாப்தலீனில் தயோநாப்தீன் கலந்திருக்கும். அதிலுள்ள கந்தகம் நிக்கலுக்கு நஞ்சு. வடித்துப் பிரிக்கலாமெனில் நாப்தலீனின் கொதிநிலை 218 பாகை, தயோநாப்தீனுடையது 221. படிகமாக்கலாமெனில் இரண்டும் ஒரே படிகத்தில் கலந்து உறைகின்றன. வடிவிலும் பருமனிலும் அத்துணை ஒற்றுமை! பௌதிக முறைகள் தோற்ற இவ்விடத்தில் வேதிமுறையை நாடியவர் பெர்லின் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேதியியலாளர் கேயோர்க் ஷ்ரோட்டர். உருக்கிய நாப்தலீனைச் சோடியம் போன்ற உலோகங்களுடன் சூடாக்கிக் கந்தகத்தை அகற்றினார்; அதன் பின்னரே அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தினார். முதல் உலகப்போரின் முற்றுகையால் ஜெர்மனிக்கு டர்பன்டைன் வரவில்லை. தாரோ குறைவின்றி இருந்தது. ரோட்லேபனில் ஆலை எழுந்தது. ஷ்ரோட்டரின் விரிவான கட்டுரை 1922-இல் வெளிவந்தது. அதில் தூய்மைப்படுத்தல் பற்றிய பகுதியே என் கருத்தில் முதன்மையானது.

விளைந்தது, ஏறக்குறைய 207 பாகையில் கொதிக்கும் நிறமற்ற நீர்மம். பிசின், கொழுப்பு, ரப்பர் ஆகியவற்றைக் கரைப்பது. சில காலம் ஆல்கஹாலுடனும் பென்சீனுடனும் கலந்து ஊர்தி எரிபொருளாகவும் ஓடியது. பெற்ற ஹைட்ரஜனைத் திருப்பிக் கொடுத்து மீண்டும் நாப்தலீனாகும் இயல்பும் அதற்கு உண்டு. போட், புரோக்கே இருவரும் நிலக்கரியைக் கரைத்து எடுக்க நம்பியது அவ்வியல்பையே.

பென்சீன் வளையத்தை ஒட்டிய கார்பனில் ஹைட்ரஜனின் பிடி தளர்ந்திருப்பதால், காற்றிலுள்ள ஆக்சிஜனும் அங்கேயே புகுந்து ஹைட்ரோபெராக்சைடை உண்டாக்குகிறது. பழைய குப்பியிலிருந்து எடுத்ததைச் சோதிக்காமல் வறளும்வரை வடிப்பது வெடிப்பில் முடியக்கூடும். திறந்த நாளைக் குப்பியின் மேல் எழுதிவைக்காத இளைய ஆய்வாளர்களிடம் நான் கடுமையாகப் பேசுவது இதனால்தான்.