கணக்கு மேசைக்கு முன் கட்டபொம்மன்: ஒரு எதிர்ப்புப் படம் நிலைத்த விதம்

'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959 மே 16 அன்று தமிழகத் திரையரங்குகளுக்கு வந்தது. மூன்று நாள் கழித்து, மே 19 அன்று, கண்ணதாசன் தயாரித்த 'சிவகங்கைச் சீமை' வெளியானது. மறு ஆண்டு செப்டம்பரில் எம்.ஜி.ஆரின் 'ராஜா தேசிங்கு'. பதினாறு மாதத்துக்குள் மூன்று எதிர்ப்புப் போர்ப் படங்கள். மூன்றும் வரலாற்றில் பெயர் உள்ள வீரர்களைப் பற்றியவை, மூன்றும் தோல்வியில் முடியும் போரைச் சொல்பவை. முதல் படம் 2015-இல் மெருகேற்றப்பட்டு மறுபடி திரையரங்குக்கு வந்தது. மற்ற இரண்டிலும் பாட்டுகள் பிழைத்தன. படங்கள் ஆய்வாளருக்கும் பழைய ரசிகருக்கும் உரியவையாகிவிட்டன.

திருவண்ணாமலையிலிருந்து பார்த்தால் இது சற்று விசித்திரம். செங்கம் சாலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய தெருக்களில் வளரும் பிள்ளைக்குக் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி எங்கோ தெற்கே இருக்கிறது. தேசிங்கின் செஞ்சிக் கோட்டையோ பேருந்து ஏறினால் வந்துவிடும். 1767 செப்டம்பரில் ஹைதர் அலி, நிஜாம் படைகளும் கர்னல் ஸ்மித்தின் படையும் மோதிக்கொண்டது இந்த ஊருக்கு அருகில்தான். அண்ணாமலையார் கோயில் மதிலே கோட்டையாக நின்று முற்றுகைகளைக் கண்டது. தேசிங்கு ராஜன் கதை இந்த வட்டாரத்துக்குச் சொந்தமான கதைப்பாடல். இருந்தும் பள்ளி ஆண்டுவிழாவின் மாறுவேடப் போட்டியில் மீசை வரைந்துகொண்டு மேடையேறும் பையன் கட்டபொம்மனாகத்தான் வருகிறான்.

இதற்குக் கைவசம் இருக்கும் விளக்கம் திரைப்பட வரலாற்றாய்வாளர் சு. தியடோர் பாஸ்கரனின் வாதத்திலிருந்து வருவது. தமிழ்த் திரை கம்பெனி நாடகத்தின் வயிற்றில் பிறந்தது. மேடையின் பிடியிலிருந்து அது வெளியேறவே இல்லை. சொல் காட்சியை அமுக்கிவிட்டது. பார்க்க வேண்டிய கலை கேட்கும் கலையாகச் சுருங்கியது என்பது அவர் பல ஆண்டுகளாக, பல நூல்களில் வலியுறுத்திவரும் கருத்து. அவர் அதைத் தமிழ்ப் படங்களைக் குறித்துப் பொதுவாகச் சொன்னார். பின்வந்தவர்கள் அதைக் கட்டபொம்மனுக்குப் பொருத்திப் பார்ப்பது எளிதாகிவிட்டது. பொருத்தத்துக்குச் சான்றும் இருக்கிறது. இந்தப் படம் முதலில் நாடகம்; சிவாஜி நாடக மன்றம் 1957-இல் சேலத்தில் அரங்கேற்றியது. சக்தி டி.கே. கிருஷ்ணசாமியின் வசனம் மேடையிலிருந்தே திரைக்கு ஏறியது. நாடகத்தைப் பார்த்துத்தான் பி.ஆர். பந்துலு படமாக்க முன்வந்தார். ஆகவே படம் நிலைத்தது வசனத்தால், வசனம் நிலைத்தது கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசனின் குரலால் என்று கணக்கை முடித்துவிடலாம்.

முடித்துவிட முடியாது என்பது என் கட்சி. தமிழ்த் திரையில் சொல் மேலோங்கியது என்ற பாஸ்கரனின் கணிப்பை நான் மறுக்கவில்லை. அது ஒரு காலகட்டத்தின் பொது இயல்பு. அந்த இயல்பைக் கொண்டே ஒரு படம் ஏன் நின்றது, பக்கத்துப் படம் ஏன் விழுந்தது என்று சொல்ல வராது. சிவகங்கைச் சீமையின் வசனம் கண்ணதாசனுடையது; அந்தத் தமிழ் யாருக்கும் இளைத்ததல்ல. அதில் நடித்த எஸ்.எஸ். ராஜேந்திரன் வசன உச்சரிப்புக்கென்றே பெயர் வாங்கியவர். ராஜா தேசிங்குக்கு இசை அமைத்தவர் கட்டபொம்மனுக்கு இசை அமைத்த அதே ஜி. ராமநாதன். பத்மினி இரண்டு படங்களிலும் உண்டு. சொல்லும் குரலும் பாட்டும் மூன்றிலும் தாராளமாகவே இருந்தன. இருப்பவற்றைக் கொண்டு இல்லாமையை விளக்குவது எப்படி?

சிவாஜி என்ற ஒற்றைக் காரணமும் அரை வழி வரைக்குமே வரும். 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க-ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. தமிழ் தெரியாத நடுவர்கள் கொடுத்த விருது அது என்பதைச் சொல்-ஆதிக்க வாதத்தை ஏற்பவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆனால் சிவாஜி சிறந்து நடித்து மறக்கப்பட்ட படங்கள் எத்தனையோ. ஆகவே காட்சியின் அமைப்புக்குள் போக வேண்டும். கலெக்டர் ஜாக்சன் முன் கட்டபொம்மன் நிற்கும் காட்சி அது.

அந்தச் சந்திப்பு உண்மையில் நடந்தது. 1792 ஒப்பந்தத்துக்குப் பிறகு பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1798-இல் பாஞ்சாலங்குறிச்சியின் நிலுவை 3310 வராகன் என்று கணக்கு. ராமநாதபுரத்துக்கு வந்து பார்க்கும்படி கலெக்டர் ஜாக்சன் ஆகஸ்டில் ஓலை அனுப்பினார். கட்டபொம்மன் புறப்பட்டார், குற்றாலத்தில் பேட்டி மறுக்கப்பட்டது, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மறுக்கப்பட்டது. ஊர் ஊராகத் துரையின் பின்னால் அலைந்து ராமநாதபுரத்தில் பார்க்க வாய்த்தது செப்டம்பரில். தேதியை 10 என்று சொல்வோரும் உண்டு, 19 என்று சொல்வோரும் உண்டு. நான் எந்தப் பக்கமும் சாயத் துணியவில்லை. அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளையுடன் அவர் மூன்று மணி நேரம் நிற்கவைக்கப்பட்டார் என்பது வழங்கிவரும் செய்தி. பிறகு கைகலப்பு, லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார், பிள்ளை பிடிபட்டார், கட்டபொம்மன் தப்பினார்.

இந்தக் கதையில் எல்லோரும் வேகமாகத் தாண்டிப்போகும் ஒரு செய்தியில் நான் தங்க விரும்புகிறேன். சண்டைக்கு முன் அங்கே கணக்கு சரிபார்க்கப்பட்டது. பெரும்பகுதி கட்டியாகிவிட்டது, மீதி 1080 வராகன் மட்டும்தான் என்று தெரியவந்தது. அதாவது ஆவணத்தின் கட்டபொம்மன் வரி கட்டியவர். கட்டியதற்குக் கணக்குக் காட்ட வந்தவர். தப்பி வந்தபின் அவர் செய்த முதல் வேலை சென்னைக்கு மனு எழுதியது. கவர்னர் எட்வர்டு கிளைவ் விசாரணைக் குழு வைத்தார்; வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காசாமேஜர் ஆகிய மூவர் குழு கட்டபொம்மன் மேல் குற்றமில்லை என்றது. ஜாக்சன் பதவி இழந்தார். அவர் இடத்தில் லூஷிங்டன் வந்தார். கம்பெனி தன் அதிகாரியையே தண்டித்து, பாளையக்காரரை விடுவித்த ஒரு நிகழ்ச்சி இது. மேஜர் பானர்மன் கோட்டையைத் தாக்கியதும் கயத்தாற்றில் தூக்கும் அடுத்த ஆண்டுக் கதை. தூக்கின் தேதியிலும் அக்டோபர் 16, 17 என்ற இழுபறி உண்டு.

படத்தில் இந்தக் கணக்கு மறைந்துவிட்டது. 1080 இல்லை, சரிபார்ப்பு இல்லை, மனுவும் விசாரணையும் இல்லை. வரலாற்று ஆலோசனைக்கு ம.பொ. சிவஞானம் இருந்த படம். ஆவணம் தெரியாமல் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. தெரிந்தே மாற்றினார்கள். கணக்கு பற்றிய தகராறு கொள்கை பற்றிய மறுப்பாக மாறுகிறது. பாக்கி எவ்வளவு என்ற கேள்விக்குப் பதில், எதற்காகத் தர வேண்டும் என்ற எதிர்க்கேள்வி. அந்த எதிர்க்கேள்வி எடுக்கும் வடிவம் இன்னும் முக்கியம். கட்டபொம்மன் தன் குலத்தையோ அரசுரிமையையோ எடுத்துக்காட்டி வாதிடுவதோடு நிற்பதில்லை. வயல் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இதில் நீ எதற்கு வந்தாய் என்று துரையைக் கேட்கிறான்.

இது பாளையக்காரன் பேசும் நியாயமே அல்ல. பாளையக்காரன் தானே வரி வாங்குகிறவன். ராமநாதபுரத்தில் எதிரெதிரே இருந்தவர்கள், ஒரே குடியானவனிடமிருந்து வந்த பணத்தில் யாருக்கு எவ்வளவு என்று பேசிய இருவர். 1959-இன் படம் அந்த இருவரில் ஒருவனுக்கு, அறையில் இல்லாத குடியானவனின் நாக்கைக் கொடுத்துவிட்டது. கட்டபொம்மன் கொள்ளைக்காரன் என்று நூல் எழுதிய தமிழ்வாணன் போன்றோர் படத்தின் வரலாற்றுப் பொய்யைத் தேடினால், இதைவிடப் பெரிய பொய் அதில் கிடைக்காது. படம் நிலைத்ததும் இந்தப் பொய்யால்தான் என்பேன்.

ஏனென்றால் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த மேசையை அறிந்தவர்கள். 1959-இல் கிஸ்தி கட்டுவது கிராமத்து வாழ்க்கையின் நடப்பு. ஜமாபந்தி நாளில் தாலுகா அலுவலகத்தில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பதும், கணக்குப்பிள்ளை ஏட்டைப் புரட்டும்வரை வாய் திறவாமல் இருப்பதும், தாசில்தார் நிமிர்ந்து பாராமலே கேள்வி கேட்பதும் பெரும்பாலோர் உடம்பில் பதிந்திருந்த அனுபவம். உட்கார்ந்திருக்கும் அதிகாரி, நின்றுகொண்டிருக்கும் ஆள், நடுவில் ஏடு. இந்த மூன்றையும் திரையில் வைத்து, நிற்கிறவன் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று காட்டியது படம். இதற்கு நேரடிச் சான்று என்னிடம் இல்லை. அன்றைய ரசிகரின் மனதை அளந்து வைத்த பதிவேடு எதுவும் கிடையாது. ஆனால் எதிர்ச்சான்று இருக்கிறது, அதுவும் இரண்டு.

சிவகங்கைச் சீமையில் பகைக்குக் காரணம் அடைக்கலம். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரைக்கு இடம் கொடுத்ததால் மருது சகோதரர்கள் மேல் படை வருகிறது. வரலாறும் ஏறக்குறைய அப்படித்தான். உயர்ந்த காரணம், காவியத்துக்கு ஏற்ற காரணம். ஆனால் அரங்கில் இருந்தவர்களில் அரசு தேடும் ஆளுக்குக் கொல்லைப்புறத்தில் இடம் கொடுத்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மெச்சலாம், தன் கதையாக எடுத்துக்கொள்ள முடியாது. சின்ன மருது 1801 ஜூனில் வெளியிட்ட அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது; அரசியல் எடையில் ராமநாதபுரச் சந்திப்பைவிடப் பன்மடங்கு பெரிய நிகழ்ச்சி. அரசியல் எடை வேறு, மேடையில் ஏறும் தகுதி வேறு.

ராஜா தேசிங்கு இன்னும் கூர்மையான சான்று. செஞ்சிக்கும் ஆற்காட்டுக்கும் நடுவே மூண்ட பகை கப்ப நிலுவையால் வந்ததுதான். நவாப் சாதத்துல்லா கான் பாக்கி கேட்டார், தேசிங்கு மறுத்தார், 1714 அக்டோபரில் களத்தில் விழுந்தார். கட்டபொம்மன் கதையின் அதே விதை இங்கேயும் இருந்தது, 84 ஆண்டு முன்னதாக. கதைப்பாடல் அந்த விதையைவிடக் குதிரையிலும் தேசிங்கின் தோழன் மோவுத்துக்காரனின் நட்பிலும் கண்ணை வைத்தது. திரைப்படமோ எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம் கொடுத்து, கதையைப் பிரிந்த உறவின் பக்கம் திருப்பிக்கொண்டது. வரி கேட்பவனும் மறுப்பவனும் நேருக்கு நேர் நிற்கும் காட்சி படத்தின் அச்சாக வரவில்லை. செஞ்சிக்கு இத்தனை பக்கத்தில் இருந்தும் எங்கள் ஊர்ப் பையன் தேசிங்காக வேடம் கட்டாததற்குக் காரணம் இங்கே இருக்கிறது: வேடம் கட்டினால் பேச ஒன்றும் இல்லை, குதிரைக்கும் வழியில்லை.

உலகப் போரை வைத்து எடுத்த எதிர்ப்புப் படங்களோடு இதை ஒப்பிடலாம். 1961-இல் வந்த 'கன்ஸ் ஆஃப் நவரோன்' இன்றைக்கும் பார்க்கப்படுகிறது என்றால் பாறைக்குள் இருக்கும் அந்தப் பீரங்கிகள் கடைசியில் வெடித்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இன்னும் வேலை செய்வதால். தீவும் பீரங்கியும் கற்பனை என்பது யாரையும் உறுத்துவதில்லை. நம் படத்திலும் போர் உண்டு. ஜெய்ப்பூர்ப் பக்கம் குதிரைப் படையோடு எடுத்தார்கள், லண்டனில் டெக்னிகலர் பிரதி போட்டார்கள், 1959-இன் தமிழ்த் திரைக்கு அது பெரிய செலவு. அந்தப் போர்க் காட்சிகளை இன்று யாரும் நடித்துக் காட்டுவதில்லை.

தமிழில் முந்திய முயற்சி ஒன்றும் இருக்கிறது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் 1945-இல் எடுத்த 'பர்மா ராணி': ஜப்பானியர் பிடித்த பர்மாவில் விழுந்த இந்திய விமானப்படையினரும் அவர்களைக் காக்கும் எதிர்ப்பாளர்களும். பெயருக்கேற்ற போர்க்கால எதிர்ப்புப் படம் அது. போர் முயற்சிக்கு ஆதரவாகப் படம் எடுக்கும்படி அரசு ஸ்டுடியோக்களை நெருக்கிய நேரம். கச்சாப் பிலிம் கட்டுப்பாட்டில் இருந்த நேரம். துப்பாக்கியும் தப்பியோட்டமும் அதில் குறைவில்லை. ஆனால் திரையில் எதிரி ஜப்பான். அரங்குக்கு வெளியே கிஸ்தி வாங்கியவன் வெள்ளைக்காரன். போர் முடிந்ததும் படத்தின் கோபத்துக்கு முகவரி இல்லாமல் போனது.

மாறுவேடப் போட்டிக்குத் திரும்பினால் இன்னொன்று தெரியும். பையன் தனியாகத்தான் வருகிறான். தலைப்பாகை, அட்டைக் கத்தி, கண்மையால் வரைந்த மீசை. ஜாக்சன் வேடத்துக்கு இன்னொரு பிள்ளையைத் தேடுவது அபூர்வம். எதிரே மேசை போட்டு நடுவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், கையில் மதிப்பெண் தாளும் பேனாவும். பையன் அவர்களைப் பார்த்துத்தான் கர்ஜிக்கிறான். ஜாக்சனின் நாற்காலி காலியாக இருப்பதில்லை. அதில் யாரையாவது உட்காரவைத்துக்கொள்ளும் வசதி அந்தக் காட்சிக்குள்ளேயே இருக்கிறது. வெறும் சொல்லழகுக்கு இந்த வசதி கிடையாது. பாஸ்கரனின் சட்டகத்துக்குள் இதை வைக்க இடமில்லை என்று நான் கருதுவது இதனால்தான்: இங்கே சொல் காட்சியை விழுங்கவில்லை, நிற்பதும் உட்கார்வதுமான காட்சிதான் சொல்லைத் தாங்கிப் பிடிக்கிறது.

குடியானவனின் நியாயம் கட்டபொம்மன் வாய்க்கு எப்போது வந்து சேர்ந்தது என்பது தனிக் கேள்வி. நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல் வாய்மொழியாக வளர்ந்தது. அதன் அடுக்குகளைக் காலவரிசைப்படுத்துவது கடினம். 1928-இன் பர்தோலி வரிகொடா இயக்கமும் 1930-இன் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகமும் வரி மறுப்பைத் தேசிய வீரத்தின் அடையாளமாக்கின. அந்தக் காற்று பட்ட பிறகே கட்டபொம்மன் இப்படிப் பேசியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் மேல் எல்லை 1930-ஐ ஒட்டியும் கீழ் எல்லை 1957-இன் சேலம் மேடையாகவும் அமையும். நடுவில் ம.பொ.சி.யின் நூலும், தெற்கத்திக் கட்டபொம்மன் கூத்துகளும், விடுதலைக்கு முன்பின்னான மேடைப் பேச்சுகளும் இருக்கின்றன. இவற்றில் எது முதலில் ஏரையும் நாற்றையும் ராமநாதபுரத்து அறைக்குள் கொண்டுவந்தது என்பதைக் கூத்துப் பிரதிகளையும் நாடகப் பிரதியையும் வரிக்கு வரி ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். திரை வடிவத்தை வைத்து 1957-இன் மேடை வடிவத்தை ஊகிப்பது கூடாது. சேலத்தில் அந்தக் காட்சி இதைவிடச் சிறியதாகவும் இருந்திருக்கலாம்.