காணிக்காரர் காட்டிய பச்சிலை

ஏட்டில் எழுதிய அறிவுக்கு உரியவர் உண்டு. ஏடறியாக் காட்டு மக்களின் அறிவோ கேட்பாரற்ற பொருள் என்றே உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. அவ்வெண்ணம் மாறிய வரலாற்றில், தமிழர் போற்றும் பொதிய மலைக்கும் ஓர் இடம் உண்டு.

அகத்தியர் மலை எனவும் வழங்கும் அம்மலை, இன்று தமிழ்நாட்டிற்கும் கேரளத்திற்கும் எல்லையாக நிற்கின்றது. அதன் இருமருங்கும் வாழும் பழங்குடியினர் காணிக்காரர் ஆவர். 1987ஆம் ஆண்டில் புஷ்பாங்கதன் தலைமையில் ஆராய்ச்சியாளர் சிலர் கேரளப் பக்கத்துக் காட்டில் ஏறிக் களைத்தனர். வழிகாட்டிச் சென்ற காணிக்காரரோ சிறு காய்களைத் தின்றவண்ணம் சோர்வின்றி நடந்தனர். செடி யாதென வினவியபோது, அது வெளியார்க்கு உரைக்கலாகாதது என முதலில் மறுத்தனர், பின்னரே காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை.

பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் அதனுடன் வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை ஆக்கியது. ஏழாண்டு உரிமம் பெற்ற கோயம்புத்தூர் நிறுவனம் 10 இலட்ச ரூபாயும், விற்பனையில் நூற்றுக்கு 2 பங்கும் தர இசைந்தது. அவற்றுள் செம்பாதி காணிக்காரர்க்கு என நிலையம் முடிவு செய்தது. 1997இல் அவர்கள் பெயரால் அறக்கட்டளை பதிவாயிற்று. 1999இல் 5 இலட்சத்திற்கு மேற்பட்ட தொகை அதனைச் சேர்ந்தது. பழங்குடியினர்க்குப் பங்கு அளிக்க வேண்டும் என்று 1992ஆம் ஆண்டு ரியோ உடன்படிக்கை கூறியதற்கு உலகம் காட்டிய முதற் சான்றுகளுள் இஃது ஒன்று.

ஆயினும் குறைகள் இல்லாமல் இல்லை. தம்மைக் கேளாமலே இனத்தின் அறிவு கைமாறியது எனக் காணி மருத்துவர் சிலர் எதிர்த்தனர். செடியின் புகழ் பரவவே, வெளியார்க்கு விற்பதற்காகக் காட்டிலிருந்து அதனைத் திருட்டுத்தனமாகப் பிடுங்குவதும் தொடங்கிற்று. அருகிய செடி என்று வனத்துறை தடைவிதிக்க, அதனைப் பயிரிட்டு இலை விற்ற குடும்பங்களின் பிழைப்பும் நின்றது. அறிவுக்கு விலை கிடைத்தது. அவ்வறிவு வேரூன்றிய மண்ணில் உரிமை கிடைக்கவில்லை. காட்டில் உரிமையுடையவனே காட்டைத் தன் பொருளாகக் காப்பான். இவ்வுண்மையை ஏற்று, வனப் பொருளின் மீதும் மரபறிவின் மீதும் வனவாசிகளுக்குள்ள உரிமையை இந்தியச் சட்டம் 2006இல் ஒப்புக்கொண்டது.

நம் மலேசியாவிலும் 2017ஆம் ஆண்டுச் சட்டம், பழங்குடியினரின் மரபறிவை நாடுவோர் முன்னரே அவர்தம் இசைவைப் பெற வேண்டும் என்கின்றது. சட்டம் ஏட்டளவில் நில்லாதிருக்க, கேட்டுப் பெறும் பழக்கம் பள்ளியிலேயே தொடங்குதல் நன்று. மாணவன் ஒரு பச்சிலையின் பெயரை எழுதுங்கால், அதனைச் சொல்லித் தந்தவர் யார் என்பதையும் எழுதச் செய்வோம், ஆசிரியப் பெருமக்களே!