அகமதாபாத் தறிக்கொட்டகையில் நடந்தது

மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பரிடம், "மேனேஜ்மென்ட் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "எழுதுங்க, ஆனா போரடிக்காம எழுதுங்க" என்றார். ஆகவே நம் நாட்டில் நடந்த ஒரு கதையையே சொல்லிவிடுகிறேன்.

1950-களின் தொடக்கத்தில் அகமதாபாத் காலிகோ மில்லில் ஆட்டோமேட்டிக் தறிகள் வந்தன. நாடாவில் நூல் தீர்ந்தால் தறி தானே புதுப் பாபினை எடுத்துக்கொள்ளும். அப்படியும் உற்பத்தி எதிர்பார்த்தபடி ஏறவில்லை; சேதத் துணியும் குறையவில்லை. தறியிலே கோளாறு இல்லை, ஆளிலேயும் குறை இல்லை. அப்போ எங்கே தப்பு?

மில்லின் தலைவர் கௌதம் சாராபாய் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸை அழைத்தார். 1953-இல் ரைஸ் கொட்டகையைப் பார்த்தார். 224 தறிகள், 29 ஆட்கள், 12 வகை வேலை. நெய்பவர் ஒருவர், பாபின் நிரப்புபவர் வேறொருவர், ஜாபர், எண்ணெய் விடுபவர், பெருக்குபவர் என்று டைம் ஸ்டடி செய்து கச்சிதமாகப் பிரித்திருந்தார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு எண்ணிக்கையில் தறிகள். ஆகவே ஒரே தறிக்கு வந்து போகிறவர்கள் யாரும் ஒரு கூட்டாக இல்லை.

நான் பிற்காலத்தில் ஒரு மில்லில் ஷிப்ட் பார்த்தவன். நூலின் கவுண்ட் மாறினால் அறுப்பு கூடும். ஒருத்தருக்கு மூச்சு முட்டும், பக்கத்தில் இன்னொருத்தர் சும்மா நிற்பார். காகிதத்தில் போட்ட கணக்கு அன்றைக்கு உதவாது.

ரைஸ் சொன்ன யோசனை எளிமையானது: ஒரு தொகுதித் தறிகளை ஒரு சிறு குழுவிடம் முழுசாக ஒப்படைத்துவிடுங்கள். ஏழேழு பேராகக் குழு. யோசனை காதில் விழுந்ததும், யார் யாருடன் சேர்வது என்ற பட்டியலைத் தொழிலாளர்களே தயாரித்துக் கொடுத்துவிட்டார்கள்! எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆரம்பத்தில் ஏற்ற இறக்கம் இருந்தது. பிறகு உற்பத்தித் திறன் உயர்ந்தது, சேதம் குறைந்தது. 1958-இல் ரைஸ் இதைப் புத்தகமாகவே எழுதினார்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1951-இல், டிரிஸ்ட், பாம்ஃபோர்த் என்ற இருவர் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி இதே மாதிரி எழுதியிருந்தார்கள். 1956-இல் ராஸ் ஆஷ்பி, வெளியிலிருந்து எத்தனை வகைத் தொல்லை வருமோ அதற்கு ஈடான வகை வகையான பதில்கள் கட்டுப்படுத்துகிறவனிடம் இருக்க வேண்டும் என்றார். மேஸ்திரி ஒருவர் தலைக்குள் அவ்வளவும் அடங்குமா? ஏழு பேரிடம் பரவியிருந்தால் அடங்கும். 1984-இல் அமெரிக்காவில் சான்டா ஃபே நிறுவனம் தொடங்கிய பிறகு 'காம்ப்ளெக்ஸிட்டி தியரி' என்ற பெயர் பிரபலமாயிற்று. எறும்புப் புற்றுக்கு மேஸ்திரி கிடையாது, ஆனால் ஒழுங்கு உண்டு என்று அவர்கள் ஆராய்ந்ததை நம் நெசவாளிகள் 1953-லேயே செய்து காட்டிவிட்டார்கள் என்பது என் கட்சி. இளைய நண்பர்கள் சண்டைக்கு வரலாம்!

கதை அத்தோடு முடியவில்லை. 1970-இல் எரிக் மில்லர் மறுபடி போய்ப் பார்த்தார். ஓர் இடத்தில் குழுமுறை ஏறக்குறைய அப்படியே இருந்தது. மற்ற இடங்களில் பழைய முறை மெல்லத் திரும்பியிருந்தது. சந்தை மாற மாற வெளி நெருக்கடி கூடியது. குழுவைச் சுற்றி இருந்த வேலியைக் காப்பாற்ற ஆளில்லை. குழு தானாக இயங்கும், சரி. அதை இயங்க விடுகிற வேலை மேலே இருக்கிறவருக்குத் தினசரி வேலை. காலிகோ மில் பிற்காலத்தில் மூடப்பட்டது. ரைஸின் புத்தகம் ஏதாவது நூலகத்தில் கிடைத்தால் படித்துப் பாருங்கள்.