பள்ளியெழுச்சி பாடியோர்

உறங்குவோரை இசையால் எழுப்புவது தமிழர்தம் தொன்மையான வழக்கங்களுள் ஒன்று. அதற்குத் 'துயிலெடை நிலை' எனப் பெயரிட்டு இலக்கணம் வகுத்தது தொல்காப்பியம். துயிலும் மன்னரைச் சூதர் புகழ்பாடி எழுப்புவதை அந்நூலின் புறத்திணையியல் குறிக்கிறது.

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில், பாண்டியன் நெடுஞ்செழியனின் தலைநகர் விடிவதைக் காண்கிறோம். சூதர் வாழ்த்துகின்றனர்; மாகதர் புகழ் நுவல்கின்றனர்; வேதாளிகர் இசைக்கின்றனர்; நாழிகை அறிவிக்கப்படுகிறது; முரசு முழங்குகிறது; சேவல் கூவுகிறது. நின்று ஏத்துவோர் சூதர், இருந்து ஏத்துவோர் மாகதர் என்று உரையாசிரியர் வேறுபாடும் காட்டுவர். வைகறையில் பாடுவது அன்றே வகுத்தமைந்த ஒரு தொழிலாக இருந்தது என்பது இதனால் விளங்கும்.

அரண்மனையில் ஒலித்த இப்பாடல், பக்திக் காலத்தில் திருக்கோயிலுக்கு வந்தது. அரங்கனைத் தொண்டரடிப்பொடியாழ்வாரும், திருப்பெருந்துறைச் சிவனை மாணிக்கவாசகரும் பப்பத்துப் பாடல்களால் துயிலெழுப்பினர். இருள் விலகுவதும், மலர் விரிவதும், அடியார் கூட்டம் காத்து நிற்பதும் இரண்டிலும் இடம்பெறுகின்றன. ஆண்டாளின் 30 பாசுரங்களிலும் திருவெம்பாவையின் 20 பாடல்களிலும் தோழியரையே எழுப்பக் காண்கிறோம். அங்கே பக்தியோடு கேலியும் கலகலப்பும் சேர்ந்துகொள்கின்றன. 15-ஆம் நூற்றாண்டில் பிரதிவாதி பயங்கரம் அண்ணன் வேங்கடவனுக்கு வடமொழியில் சுப்ரபாதம் இயற்றினார். எனினும் மார்கழியில் திருமலையில் அதன் இடத்தைத் திருப்பாவையே பெறுகிறது. இருபதாம் நூற்றாண்டில் பாரதியார் இதே மரபைக் கொண்டு பாரத மாதாவுக்குப் பள்ளியெழுச்சி பாடினார். மன்னனை எழுப்பிய பாட்டு, இறைவனை எழுப்பி, நாட்டையே எழுப்ப வந்தது.

பாட்டு வளர்ந்த கதை இது. பாடியவரைப் பேணிய கதையும் நாம் அறியத்தக்கது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரையும், அவர்களுக்குத் துணையாக உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் முதலாம் இராசராசன் நியமித்தான். ஆளுக்கு நாள்தோறும் 3 குறுணி நெல் வழங்கவும் ஏற்பாடு செய்தான். ஒருவர் மறைந்தால் அவ்விடத்திற்கு யார் வருவது என்பதையும் அக்கல்வெட்டு விதிக்கிறது. குரல் தொடர்ந்து ஒலிக்க வேண்டுமானால் பாடுவோன் பசியின்றி இருத்தல் வேண்டும் என்பதை அம்மன்னன் உணர்ந்திருந்தான்.

ஓதுவாரும் நாகசுரக் கலைஞரும் தவில் கலைஞரும் அம்மரபின் வழிவந்தோரே. பூபாளமும் பௌளியும் மலயமாருதமும் கோயில் வாயிலில் நாகசுரத்தில் எழும்போது ஊரே விழித்தெழும். 1963-இல் எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய சுப்ரபாத இசைத்தட்டு வெளிவந்தபின், கோயில் வாயிலைத் தேடிச் செல்ல இயலாத இல்லங்களுக்கும் அந்த விடியல் வந்தது. தமிழகத்திற்கு வெளியே வாழும் நம்மனோர்க்கு அது செய்த பேருதவி அளவிடற்கரியது.

ஆயினும் இசைத்தட்டுக்குப் பசிப்பதில்லை, பாடுவோனுக்குப் பசிக்கும். பதிவான குரல் இல்லத்தில் ஒலிப்பதனாலேயே, வாயிலில் நின்று பாடும் குரல் தேவையற்றதாகிவிடாது. திருவிழா நாள்களில் ஓதுவாரையும் நாகசுரக் குழுவினரையும் வரவழைத்துத் தக்க ஊதியம் அளித்துப் போற்றுவதும், மார்கழியில் நம் மக்களுக்குப் பாவைப் பாடல்களை வாய்ப்பாடமாகக் கற்பிப்பதும் நம்மால் இயன்ற பணிகள். இராசராசன் அளந்த நெல்லை இன்று அளக்க வேண்டியவர்கள் நாமே.