மவ்சிம்: காற்றின் கணக்கும் பயணியின் பாதையும்

அரபு வகுப்பொன்றில் இப்னு பதூதாவின் பயண நூலைப் பற்றிப் பேச்சு வந்தது. சீனாவுக்குத் தூது சென்ற அவர் கள்ளிக்கோட்டையில் கப்பலுக்காக மூன்று மாதங்கள் காத்திருந்தார் என்று கூறினேன். உடனே ஒரு மாணவர் எழுந்து, "ஹஜ்ரத், துறைமுகத்திலேயே பதின்மூன்று சீனக் கப்பல்கள் நின்றன என்கிறீர்கள். பிறகு எதற்காகக் காத்திருந்தார்?" என்று கேட்டார். கேள்வி எளியது. அதற்குரிய விடையில் இந்துமாக் கடலின் வரலாறு பாதி அடங்கியிருக்கிறது. அன்று வகுப்பில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே சற்று விரித்துரைக்க விழைகின்றேன்.

அவர் கப்பலுக்காகக் காத்திருக்கவில்லை, மவ்சிமுக்காகக் காத்திருந்தார்.

சொல்லின் பயணம்

'மவ்சிம்' என்னும் அரபுச் சொல் 'வஸம' என்ற வேரில் பிறந்தது. அடையாளம் இடுதல் என்பது அதன் பொருள். ஒட்டகத்தின் மேல் உரிமையாளன் இடும் சூட்டுக்குறிக்கு 'வஸ்ம்' என்று பெயர். வறண்ட நிலத்தில் முதன்முதலாகப் பெய்து, பசும்புல்லால் பூமிக்கு அடையாளமிடும் மழையை அரபிகள் 'வஸ்மீ' என்றழைத்தனர். குறிப்பிட்ட காலம், கூடும் காலம் என்னும் பொருளில் சந்தைக்கும் ஹஜ்ஜுக்கும் 'மவ்சிம்' என்ற சொல் வழங்கிற்று. கடலோடிகளோ, இன்ன திசைக்குப் பாய் விரிக்கத் தக்க நாட்களை அச்சொல்லால் குறித்தனர்.

அச்சொல் கப்பலேறிச் சென்ற இடங்களைப் பாருங்கள். மலாய் மொழியில் அது 'மூசிம்', ஆப்பிரிக்கக் கரையின் சுவாஹிலியில் 'ம்சிமு', உருதுவில் 'மவ்சம்', போர்ச்சுகீசிய மொழியில் 'மொன்சாவ்'. அதன் வழியே வந்ததுதான் நாம் அன்றாடம் வானிலை அறிக்கையில் கேட்கும் 'மான்சூன்'. காற்றுக்கு அஞ்சியும் காற்றை நம்பியும் வாழ்ந்த துறைமுகங்கள் அனைத்தும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொண்டன.

காற்றின் கணக்கு

இக்காற்றின் இயல்பு யாது? கோடையில் ஆசியப் பெருநிலம் கடலினும் மிகுதியாகச் சூடேறுகிறது. அதனால் கடலிலிருந்து நிலத்தை நோக்கி ஈரக்காற்று விரைகிறது. இதுவே தென்மேற்குப் பருவக்காற்று. ஏறத்தாழ ஜூன் முதல் நாளில் கேரளக் கரையில் மழையாக இறங்கி, செப்டம்பர் வரை வீசும். குளிர்காலத்தில் நிலம் குளிர்ந்துவிட, காற்று திசைமாறி வடகிழக்கிலிருந்து வீசுகிறது. ஆப்பிரிக்கா, ஏடன், ஓமான் கரைகளிலிருந்து இந்தியாவுக்கு வர முதற்காற்று துணை. இந்தியாவிலிருந்து அங்கே செல்ல இரண்டாங்காற்று துணை.

ஆயின் முதற்காற்றில் ஓர் இடர் உண்டு. அது உச்சத்தில் வீசும் ஜூன், ஜூலை மாதங்களில் மலபார்க் கரையின் துறைகளில் அலை மலைபோல் எழும்; கரையணைய இயலாது. அரபு மாலுமிகள் இதனைக் 'கடல் மூடுதல்' என்றனர். எனவே காற்று தொடங்கும் வேளையிலோ, அது தணியும் வேளையிலோ வந்து சேர வேண்டும். நடுவில் அகப்பட்டவர் பிழைப்பது அரிது.

இவ்வறிவு அரபிகளுக்கு மட்டும் உரியதன்று. இஸ்லாம் தோன்றுவதற்கும் முந்தியது. கி.பி. 79இல் மறைந்த உரோமானிய அறிஞர் பிளினி, செங்கடலின் வாயிலிலிருந்து முசிறிக்கு நாற்பது நாட்களில் வரலாம் என்று எழுதி, புறப்படும் பருவத்தையும் திரும்பும் பருவத்தையும் குறித்து வைத்துள்ளார். ஆயினும் அதனை நாட்கணக்காக வகுத்துப் பெருநூல்களில் பதித்த பெருமை அரபு மாலுமிகளுக்கு உண்டு. ஜுல்ஃபாரில் பிறந்த அஹ்மது இப்னு மாஜித் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயற்றிய 'கிதாபுல் ஃபவாயித்' அவற்றுள் தலையாயது.

இரண்டு நாட்காட்டிகள்

இங்கே வாசகர்கள் கருதத்தக்க நுட்பம் ஒன்றுள்ளது. நமது ஹிஜ்ரி ஆண்டு பிறையைப் பின்பற்றுவது. சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ பதினொரு நாட்கள் குறைந்தது. ஆகவே ரமளானும் ஹஜ்ஜும் சுமார் முப்பத்து மூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றன. ஆனால் காற்றோ சூரியனைப் பின்பற்றுவது. பிறைக்காக அது காத்திராது.

அக்கால மாலுமிகள் என் செய்தனர்? தொழுகைக்கும் நோன்புக்கும் பிறைக் கணக்கைக் கொண்டனர். கடலுக்கு 'நைரூஸ்' என்னும் ஆண்டுத் தொடக்க நாளிலிருந்து ஒன்று, இரண்டு என்று 365 நாட்களையும் எண்ணும் கணக்கைக் கொண்டனர். இன்ன துறையிலிருந்து இன்ன துறைக்கு நைரூஸின் இத்தனையாம் நாளில் புறப்படுக என்று இப்னு மாஜித் போன்றோர் விதித்தனர். மார்க்கத்தின் நாட்காட்டி ஒரு கையில். கடலின் நாட்காட்டி மறு கையில். இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிடாமல் வாழ்ந்தனர்.

பாய்க்கப்பல் காலத்து ஹாஜிகளின் நிலையை இதனோடு பொருத்திப் பாருங்கள். துல்ஹஜ் மாதம் எந்தப் பருவத்தில் வந்தாலும் நம் நாட்டிலிருந்து அரபுக் கரைக்குச் செல்லும் காற்று குளிர்காலத்திலேயே வீசும். ஹஜ் மழைக்காலத்தில் அமைந்தால், அதற்கு முந்திய மவ்சிமிலேயே கடலைக் கடந்து சென்று மாதக்கணக்கில் தங்கியிருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பும் அவர்களுடைய பயணத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

பந்தலாயினியில் ஒதுங்கிய கப்பல்கள்

இனி இப்னு பதூதாவிடம் மீள்வோம். 1342இல் சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் தூதராக டில்லியிலிருந்து புறப்பட்ட அவர், மலபார் துறைகளைக் கடந்து கள்ளிக்கோட்டைக்கு வந்தார். வழியில் பந்தலாயினிக் கொல்லத்தைக் கண்டார். சீனக் கப்பல்கள் மழைக்காலத்தைக் கழிக்க ஒதுங்கும் இடம் அதுவே என்று எழுதிவைத்தார். கள்ளிக்கோட்டைத் துறையோ புயலுக்கு மறைவில்லாத திறந்த கரை.

மூன்று மாதங்களுக்குப் பின் பருவம் வந்தது, கப்பல்கள் புறப்படவிருந்தன. ஜும்ஆத் தொழுகைக்காக இப்னு பதூதா கரையில் தங்கினார். அன்றிரவு புயல் எழுந்தது. சுல்தானின் அன்பளிப்புகளை ஏற்றிய கப்பல் உடைந்து, அதில் இருந்தவர்கள் மாண்டனர். அவருடைய உடைமைகள் இருந்த மற்றொரு கப்பல் அவரை விட்டுவிட்டுக் கடலில் மறைந்தது. ஒரு விரிப்பும் சில நாணயங்களுமாகக் கரையில் நின்றார் அந்தத் தூதர். பருவம் அறிந்தவர்க்கும் கடல் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை என்பதற்கு அந்த இரவு சான்று.

ஆயினும் அவர் கணக்கைக் கைவிடவில்லை. சீனாவிலிருந்து திரும்பும்போது கொல்லத்தில் ரமளானைக் கழித்துப் பெருநாள் தொழுது, பின் கள்ளிக்கோட்டையிலிருந்து கப்பலேறினார். காற்று முதுகில் வீச, 28 நாட்களில் அரபுக் கரையின் ளபார் நகரை அடைந்தார். அது ஹிஜ்ரி 748, முஹர்ரம் மாதம், கி.பி. 1347. இந்த 28 என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மேடைகளில் சொல்லப்படும் கதை

வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டியவர் இப்னு மாஜித் என்று நம் மேடைகளிலும் ஏடுகளிலும் பன்முறை சொல்லப்பட்டுள்ளது. சிலர் பெருமையோடு சொல்வர். சிலர் வருத்தத்தோடு சொல்வர். மக்காவில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் குத்புத்தீன் நஹ்ரவாலீ 16ஆம் நூற்றாண்டில் எழுதிய செய்தியே இதற்கு அடிப்படை. ஆயின் போர்ச்சுகீசியப் பழைய நூல்கள், மாலிந்தியில் ஏறிய அந்த மீகாமனைக் குஜராத்தியர் என்கின்றன. ஆய்வாளர் பலர் இன்று அக்கதையை ஏற்பதில்லை. நமக்குப் பெருமை தருவதாயினும், உறுதியற்ற செய்தியை உறுதிபோல் உரைத்தல் கற்றோர்க்கு அழகன்று.

உண்மையான செய்தியோ அக்கதையினும் சுவையானது. ட காமா 1498 ஏப்ரல் 24இல் மாலிந்தியை விட்டார். மே 20இல் கள்ளிக்கோட்டைக்கு அருகே நங்கூரமிட்டார். நான்கு வாரங்களுக்கும் குறைவு! காற்று தொடங்கும் பருவத்தில், கடல் மூடுவதற்குச் சற்று முன் வந்து சேர்ந்தார். சாமூதிரி மன்னர் தம் மீகாமனை அனுப்பி, அக்கப்பல்களைப் பந்தலாயினிக்குக் கொண்டுபோகச் செய்தார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் இப்னு பதூதா சீனக் கப்பல்களுக்குரிய புகலிடமாகக் குறித்த அதே துறை!

திரும்பும் பயணம் வேறு விதமாயிற்று. கள்ளிக்கோட்டையாரோடு பிணங்கிய ட காமா, ஆகஸ்டு 29இல் புறப்பட்டார். அக்டோபர் 5இல் கொங்கணக் கரையருகிலுள்ள அஞ்சதீவை விட்டு நடுக்கடலுள் நுழைந்தார். மேற்கே கொண்டு செல்லும் காற்று இன்னும் நிலைபெறாத வேளை அது. காற்று எதிர்த்தது, அல்லது அடியோடு நின்றது. 1499 ஜனவரி 2இல்தான் ஆப்பிரிக்கக் கரை கண்ணுக்குத் தெரிந்தது. வரும்போது நான்கு வாரம். போகும்போது ஏறத்தாழ மூன்று மாதம். ஈறு வீங்கி உடல் நலியும் நோயால் முப்பது பேர் அக்கடலிலேயே இறந்தனர். கப்பலுக்கு ஏழெட்டுப் பேரே வேலை செய்யத் தக்கவராய் எஞ்சினர். ஆளில்லாமையால் ஒரு கப்பலை அவர்கள் தம் கையாலேயே எரிக்க நேர்ந்தது.

அதே கடலைத் தக்க பருவத்தில் 28 நாட்களில் கடந்த இப்னு பதூதாவை எண்ணிப் பாருங்கள். ட காமாவை இந்தியாவுக்குக் கொண்டு வந்தது ஒரு தனி மனிதரின் இரகசியம் அன்று. அது துறைமுகங்கள்தோறும் வழங்கிய பொது அறிவு. அதைக் கேட்டு வந்தபோது பிழைத்தார். கேளாது போனபோது ஆட்களை இழந்தார். பின்னாளில் போர்ச்சுகீசியரும் அதே கணக்குக்கு இணங்கினர். 'மொன்சாவ்' என்று அச்சொல்லையும் தம் மொழியில் ஏற்றனர்.

காத்திருந்த கரைகள்

காத்திருத்தல் வீணாகவில்லை. காற்று மாறும்வரை தங்கிய வணிகர் அவ்வூர்களில் மணம் புரிந்தனர், பள்ளிவாசல் எழுப்பினர், மொழி கற்றனர். மலபாரின் மாப்பிள்ளைமாரும் ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மக்களும் இவ்வுறவில் வளர்ந்தவர்கள். நம் காயலும் அத்தகையதே. ஹுர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளோடு வரும் கப்பல்கள் காயலில் தங்குவதை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறித்தார். மேலைக்கரை மூடிக்கிடக்கும் மாதங்களில் கீழைக்கரை மழையின்றி இருக்கும். ஐப்பசி, கார்த்திகை வந்தாலோ புயலும் மழையும் இக்கரையின் பங்கு. ஆதலின் இரு கரையும் அறிந்த மரக்கலராயர்க்கு ஆண்டு முழுதும் ஏதோ ஒரு துறை திறந்திருந்தது. இரு பருவக்காற்றுகளும் சந்திக்கும் மலாக்காவிலும் தமிழ் முஸ்லிம் வணிகர் காற்று மாறும்வரை தங்கி வாணிகம் செய்தனர். 1511இல் போர்ச்சுகீசியர் அந்நகரைக் கைப்பற்றியபோது அவர்கள் வளைத்தது அந்தக் காத்திருப்பின் சந்தையைத்தான்.

இன்றைய பயணிக்கு

வானூர்தி வந்தபின் காற்றுக்கு நாம் காத்திருப்பதில்லை. ஆனால் மழை தன் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. பிள்ளைகளின் விடுமுறையைப் பார்க்கிறோம், பயணச்சீட்டின் விலையைப் பார்க்கிறோம். பருவத்தைப் பார்க்க மறக்கிறோம். பழைய மாலுமியின் கணக்கு இன்றும் அவ்வாறே பயன்படும். மே முதல் செப்டம்பர் வரை இலங்கையின் கொழும்பு, காலிப் பகுதிகள் நனையும். அதே நாட்களில் திருகோணமலையும் மட்டக்களப்பும் வெயில் காயும். ஆண்டின் இறுதியில் நிலைமை தலைகீழ். மலேசியாவில் நவம்பர் முதல் கிளாந்தான், திரெங்கானு கரைகளில் அடைமழை. அக்காலத்தில் பினாங்குப் பக்கம் செல்வதே அறிவுடைமை. மாலத்தீவினர் மேற்குப் பருவத்தை 'ஹுளங்கு' என்றும், வறண்ட கிழக்குப் பருவத்தை 'இருவை' என்றும் இன்றும் பிரித்துரைக்கின்றனர்.

மழையைத் தேடியே செல்லும் பயணமும் உண்டு. இப்னு பதூதா வந்திறங்கிய ளபார், இன்றைய ஓமானின் தோஃபார் பகுதி. ஜூன் இறுதி முதல் செப்டம்பர் வரை அரபு நாடெங்கும் அனல் வீசுகையில், அங்குள்ள ஸலாலாவின் மலைகளில் மட்டும் தென்மேற்குக் காற்று பூந்தூறலாய் இறங்கிப் பசுமை போர்த்துகிறது. அதனை அவர்கள் 'கரீஃப்' என்பர். வளைகுடா நாடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக அங்கே நனையச் செல்கின்றனர். அதே காற்று, அதே மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே நுழைந்து நம் குற்றாலத்தில் சாரலாய்த் தெளிக்கிறது. ஒரே காற்றின் இரு கைகள் அவை.

குறைஷியர் குளிர்காலத்தில் யமனுக்கும் கோடையில் ஷாமுக்கும் பயணம் செய்ததைத் திருமறையின் ஒரு சிறு அத்தியாயம் நினைவூட்டுகிறது. பருவமறிந்து இடம் தேர்வது அன்றே அவர்கட்குப் பழக்கமான ஒன்று. இறைவன் மேல் பொறுப்புச் சாட்டுதல் என்பது அவன் அமைத்த காற்றையும் மழையையும் கவனியாது கிளம்புவதன்று. கவனித்துப் புறப்பட்டபின் எஞ்சியதை அவனிடம் ஒப்படைப்பதாகும்.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்ததும், அன்று கேள்வி கேட்ட மாணவர் மறுபடி எழுந்தார். "அப்படியானால் ஹஜ்ரத், எங்கள் வீட்டார் வருகிற டிசம்பரில் திருகோணமலைக்குப் போகலாம் என்கிறார்களே!" என்றார். வீட்டில் சென்று மவ்சிமின் பொருளைச் சொல்லுமாறு அவரிடம் கூறினேன். பயணத்தை ஜூலைக்கு மாற்றிக்கொண்டார்கள் என்று அடுத்த வாரம் வந்து சொன்னார்.